ஆநோவுக்கு ஒரு கோடு குறைவு

"ஷென் ஆச்சியூ! ஷென் ஆச்சியூ யாரு? மூணாம் ஜன்னலுக்கு வாங்க!"

போலீஸ் நிலையத்துப் பதிவு அறையில் ஒலிபெருக்கி அலறியது. வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவர், "யாருக்கோ ஜலதோஷம் பிடிச்சிருக்கு" என்றார். அறை முழுக்கச் சிரிப்பு. என் தோழி ஆநோவும் சிரித்துக்கொண்டேதான் எழுந்து ஜன்னலுக்குப் போனாள். நான் அவளுக்கு நகல் எடுத்த காகிதங்களைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆச்சியூ என்றால் தும்மல் சத்தம் மட்டுமல்ல, கைதி என்றும் அர்த்தம். பெற்ற பெண்ணுக்குக் கைதி என்று எவளாவது பெயர் வைப்பாளா?

நான் ஃபெய் யின்தி. போலீஸ் நிலையத்துக்கு எதிரே நகலெடுக்கும் கடை வைத்திருக்கிறேன். எங்கள் நாட்டில் அடையாள அட்டையும் போலீஸ் நிலையத்தில்தான் கொடுப்பார்கள், அதற்குப் போட்டோவும் எடுப்பேன். எங்கள் ஊர் ஷுவாங்தாங்கில் யார் பிறந்தார், யார் செத்தார், யார் யாரை விட்டுப் பிரிந்தார் என்பதெல்லாம் போலீசுக்கு முன்னால் எனக்குத்தான் தெரியும். எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் கேட்பார்களே. என் பெயரையும் சொல்லிவிடுகிறேன். யின்தி என்றால் 'தம்பியை இழுத்து வா'. இழுத்து வந்தேன், ஒன்றுக்கு மூன்று பேராக. புத்தாண்டுக்கு ஒருவனும் போன் பண்ணுவதில்லை. ஆகவே பெயர் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு. அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எங்கள் சீன எழுத்தில் நாலு பக்கமும் அடைத்த ஒரு கட்டம் இருக்கிறது. சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஒரு மரத்தை வைத்தால் 'சிக்கிக்கொண்டது' என்று பொருள். மனிதனை வைத்தால் கைதி: 囚. பெண்ணை வைத்தால்? நியாயப்படி அவளும் கைதியாகத்தானே இருக்க வேண்டும்? இல்லையாம். பெண்ணை வைத்தால் செல்ல மகள்: 囡. எங்கள் கால்வாய் ஊர்களில் அதை 'நோ' என்போம். வீட்டுக்கு வீடு பெண் குழந்தையை ஆநோ, ஆநோ என்றுதான் கொஞ்சுவார்கள். இந்த எழுத்தைக் கண்டுபிடித்த மகானுபாவன் யாரோ தெரியாது. அவனுக்கு ஒரு பெண் பிறந்திருந்தால் சுவரில் ஒரு கதவாவது வைத்திருப்பான்.

மற்றப் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் போகும்போது ஒரு நல்ல பெயர் வைப்பார்கள், ஆநோ என்பது வீட்டோடு நின்றுவிடும். ஷென் வீட்டில் அந்தச் சிரமம் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே பெண். அவளுக்கு எதற்கு இரண்டு பெயர் என்று ஆநோ என்றே பதிந்துவிட்டார்கள். அப்போதெல்லாம் பதிவேடு கையால் எழுதுவது. பெண் என்று எழுத மூன்று கோடு வேண்டும், மனிதன் என்று எழுத இரண்டு போதும். எழுதியவன் என்ன அவசரத்தில் இருந்தானோ, குறுக்குக் கோடு மயிரிழையாக விழுந்திருக்க வேண்டும். நாற்பது வருஷம் கழித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றியவள் அந்தக் கோட்டைப் பார்க்கவே இல்லை. 2005-ல் புது அட்டை வந்தபோது ஆநோவுக்கு நாற்பது வயது. அட்டையில் ஷென் கைதி.

"மாத்திக்கோடி" என்று அன்றைக்கே தலைப்பாடாக அடித்துக்கொண்டேன்.

"யாரு அக்கா இதைப் பார்க்கப் போறாங்க? நான் எங்க போறேன், என்கிட்ட அட்டை கேக்க? இருபது வருஷத்துக்குச் செல்லுமாம். அது வரைக்கும் கெடக்கட்டும்" என்றாள்.

உண்மைதான். அவள் எங்கேயும் போனதில்லை. ஆண் வாரிசு இல்லாத வீட்டில் பெண்ணை வெளியே கட்டிக் கொடுக்க மாட்டார்கள், மாப்பிள்ளையைத்தான் உள்ளே கூட்டி வருவார்கள். அவளுக்குப் பத்தொன்பது வயதில் ஹாங்சோ நகரத்துப் பட்டு ஆலைக்கு எங்கள் ஊரிலிருந்து பன்னிரண்டு பெண்களை எடுத்தார்கள். அதில் நானும் ஒருத்தி, ஆநோவும் ஒருத்தி. படகு காலை ஏழு மணிக்கு. ஆறு மணிக்கு அவள் அம்மாவுக்கு மார்வலி. ஆநோ படகு ஏறவில்லை. பதினோரு பேர் போனோம். மூன்று வருஷம் கழித்து நான் லீவில் வந்தபோது அவளுக்கு வீட்டோடு மாப்பிள்ளை வந்திருந்தார். லோங்கென் என்று பெயர், மணல் படகில் வேலை, வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர். மாமியார் சொன்னால் மழையில் கூட நின்று துணி உலர்த்துவார். ஒரு பெண்ணைப் பெற்றுக் கொடுத்துவிட்டு, அது பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் ஈரல் நோயில் போய்ச் சேர்ந்தார். அவர் வாழ்க்கையில் தானாக எடுத்த முடிவு அது ஒன்றுதான் என்று நான் சொன்னதற்கு ஆநோ என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

பத்து வருஷத்துக்கு முன்னால் அவள் அம்மா விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். அதிலிருந்து படுக்கைதான். படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் போட வேண்டும். ஆநோ அலாரம் வைத்திருப்பாள், ஆனால் அது அடிப்பதற்கு முன்பே அம்மா "ஆநோ!" என்பாள். இரண்டு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் போய்த் திரும்ப முடியுமோ அவ்வளவுதான் ஆநோவின் உலகம். சந்தைக்குப் போகலாம், என் கடைக்கு வரலாம். பக்கத்து ஊர் விளக்குத் திருவிழா பஸ்ஸில் ஐம்பது நிமிஷம். போய் இறங்கி, அப்படியே அடுத்த பஸ்ஸில் திரும்ப வேண்டும்.

ஆநோவின் அம்மாவை, நான் பெரியம்மா என்று கூப்பிடுகிறவளை, கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். மீன் சமைத்தால் கன்னத்துச் சதையை எடுத்து, நடுங்குகிற கையோடு மகள் கிண்ணத்தில்தான் வைப்பாள். "என் ஆநோ மாதிரி யாருக்கு வாய்க்கும்?" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். ஆநோவுக்கு எரிச்சல் வந்தால் அதை வைக்கக்கூட இடம் இல்லாத அன்பு அது.

ஆநோ செய்த ஒரே கலகம் தன் பெண்ணை அனுப்பியது. வெய்ரான் ஜப்பானில் ஒசாகாவுக்குப் போகிறேன் என்றதும், பாட்டி ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தாள். ஆநோ பெட்டியைக் கட்டி, தானே பஸ் நிறுத்தம் வரை இழுத்துப் போய் ஏற்றிவிட்டாள். வெய்ரான் அங்கேயே ஒரு ஹோட்டலில் வேலை தேடிக்கொண்டு, அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டாள். போன மார்ச் மாதம், கடையில் கூட்டமான நேரத்தில், ஆநோவின் போன் அடித்தது.

"அம்மா, நவம்பர்ல குழந்தை. நீ வந்துடு. குழந்தை பொறந்து ஒரு மாசம் நீ கூட இருக்கணும். இங்க பிரசவம் முடிஞ்சதும் ஐஸ் தண்ணி குடுக்கறாங்கம்மா!"

"ஐஸ் தண்ணியா? கடவுளே! குடிக்காதே. நான் வரேன்."

நான் நகல் எடுப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தேன். "நான் வரேன்" என்று ஆநோ சொல்லி நான் கேட்டதே இல்லை. அவளே பயந்துபோன மாதிரி போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அதற்கப்புறம்தான் அந்தக் கோடு வந்து வழியை மறித்தது. மாதக்கணக்கில் தங்க வேண்டுமானால் மகள் அழைக்க வேண்டும். அழைக்க, இவள்தான் தாய் என்று சான்று வேண்டும். வெய்ரானின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் ஷென் செல்ல மகள். அட்டையில் ஷென் கைதி. சான்று கொடுக்கும் அலுவலகத்தில் கண்ணாடி போட்டவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு வேற ஆளுங்க" என்றார். சுற்றுலா விசாவில் போகலாமே என்று யாரோ சொன்னார்கள். கொடி பிடித்த வழிகாட்டி பின்னால் ஐந்து நாள் ஓடி, கோட்டை வாசலில் போட்டோ எடுத்துக்கொண்டு வருவதற்கா? போதாக்குறைக்கு அட்டையின் இருபது வருஷமும் அந்த வருஷம் அக்டோபரில் முடிகிறது.

அதனால்தான் மூன்றாம் ஜன்னல். அங்கே இருந்த அதிகாரி தொங் நல்ல பிள்ளை, முப்பது வயது இருக்கும். பழைய பதிவேட்டைத் தேடி எடுக்க அவருக்கு ஐந்து மாதம் ஆயிற்று. வந்தது. ஆனால் 2013 வெள்ளத்தில் நனைந்த புத்தகம். ஷென் தெரிகிறது, ஆ தெரிகிறது. அடுத்தது ஒரு கட்டம், அதற்குள் ஊதாக் கறை.

"உள்ள இருக்கறது பெண்ணா, மனுஷனா?" என்றார் தொங், புத்தகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து.

"ரெண்டும் ஒண்ணு இல்லைங்கறீங்களா தம்பி?" என்று நான் கேட்டேன்.

"அக்கா, சும்மா இரு" என்றாள் ஆநோ.

தொங் யோசித்தார். "ஒரு வழி இருக்கு அத்தை. பெத்தவங்க உயிரோட இருந்தா, அவங்க வாக்குமூலம் செல்லும். பேர் வெச்சவங்களே சொல்லிட்டா யார் மறுக்க முடியும்? நான் வீட்டுக்கே வந்து வீடியோல பதிஞ்சுக்கறேன். பாட்டிக்கு நினைவு எப்படி?"

"நினைவா? நேத்து உப்பு ஒரு சிட்டிகை கூடப் போச்சுன்னு காலையில வரைக்கும் சொல்லிட்டிருந்தாங்க."

எங்களுக்கு உயிர் வந்தது. ஒரு நாளைக்கு நாற்பது தடவை ஆநோ என்று கூப்பிடுகிறவள், நாற்பத்தோராவது தடவை அதிகாரிக்கு முன்னால் கூப்பிட்டால் போதும். பிரசவத்துக்கு முன்னும் பின்னுமாக ஆநோ போகிற மூன்று மாதத்துக்கு முதியோர் இல்லத்தில் கட்டிலுக்கும் சொல்லி வைத்தாயிற்று. அங்கிருந்து பொறுப்பாளர் அம்மா வந்து, பெரியம்மாவின் கால், முதுகு எல்லாம் பார்த்துக் குறித்துக்கொண்டு போனாள். பெரியம்மா மரியாதையாக அவளை உட்காரச் சொன்னாள், புகைத்த சோயாப் பயறு போட்ட தேநீர் கொடுக்கச் சொன்னாள். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று நாங்கள் நினைத்தோம்.

செப்டம்பர் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு தொங் வந்தார். ஆநோ அம்மாவுக்குத் தலை வாரி, நீலச் சட்டை போட்டு, முதுகுக்கு மூன்று தலையணை வைத்து உட்கார வைத்திருந்தாள். அயலார் சாட்சி என்று நான். தொங் கேமராவை முக்காலியில் நிறுத்தினார்.

"பாட்டிம்மா, உங்க பேரு?"

"சூ ஜின்பாவ்."

"வயசு?"

"எண்பத்தேழு. முயல் வருஷம். நீ என்ன வருஷம்?"

"பன்றி, பாட்டிம்மா."

"அதான் முகம் கொழுகொழுன்னு இருக்கு."

எல்லாரும் சிரித்தோம். கணவர் பெயர் கேட்டார், சொன்னாள். அவர் என்ன வேலை? பட்டுக்கூடு கொள்முதல் நிலையத்தில் எடை போடுகிறவர். எந்த வருஷம் செத்தார்? மாதத்தோடு சொன்னாள். நான் ஆநோவைப் பார்த்துத் தலையாட்டினேன். ஆநோ கட்டில் ஓரத்தில், போட்டோவுக்கு நிற்கிற மாதிரி, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இதோ நிக்கறாங்களே, இவங்க யாரு?"

பெரியம்மா திரும்பிப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள்.

"தெரியல" என்றாள்.

"பாட்டிம்மா, கிட்டக்கப் பாருங்க."

"பாத்தேனே. வேலைக்கு வர்ற பொம்பள. நல்லாத்தான் செய்யறா."

"உங்களுக்குப் பொண்ணு இருக்காங்களா?"

"இருந்தா. போயிட்டா."

"அவங்க பேரு என்ன?"

"போனவளுக்குப் பேரு எதுக்கு?"

ஆநோ குனிந்து, "அம்மா, நான்தாம்மா" என்றாள். தொங் கையைக் காட்டி அவளை நிறுத்தினார், சொல்லிக்கொடுக்கக் கூடாதாம். மறுபடி கேட்டார். பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மூன்றாவது தடவையும் கேட்டார். மூடிய கண் திறக்கவில்லை.

தொங் காகிதத்தில் எழுதினார்: சாட்சியால் அடையாளம் காண முடியவில்லை. எழுதும்போது அவர் முகம் வாடிப்போயிருந்தது. "இந்த வயசுல இப்படித்தான் அத்தை, ஒரு நிமிஷம் இருக்கும், ஒரு நிமிஷம் இருக்காது. டாக்டர் சர்டிபிகேட் வாங்கி, கோர்ட்டு மூலமா மனு போடலாம். அடுத்த வசந்தத்துக்குள்ள முடிஞ்சிடும்" என்றார். குழந்தை அடுத்த வசந்தம் வரை காத்திருக்குமா? அவர் கேமராவை மடித்துக்கொண்டு படி இறங்கினார்.

வாசல் கதவு சாத்திய சத்தம் கேட்டது. பெரியம்மா கண்ணைத் திறந்தாள்.

"போயாச்சா? ஆநோ, அந்த ஜன்னலைச் சாத்து. காத்து முதுகுல அடிக்குது."

"பெரியம்மா! உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு! என்ன நெஞ்சு உங்களுக்கு!" என்று கத்தினேன். கிழவியாயிற்றே என்று பார்த்தேன், இல்லையென்றால் இன்னும் என்னென்னவோ சொல்லியிருப்பேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. மகளைத்தான் பார்த்தாள்.

ஆநோ ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "நான் யாரும்மா?" என்றாள், மெதுவாக.

"யாரா? என் பொண்ணு."

"அப்ப ஏம்மா அப்படிச் சொன்ன?"

"நீ போனா வரமாட்ட."

"மூணு மாசம்மா. மூணே மாசம்."

"உன் பொண்ணும் மூணு மாசம்னுதான் போனா. பாஷை கத்துக்க மூணு மாசம்னு. நானும் அவளுக்குக் கையாட்டினேன்."

அது பொய்யென்றால் ஆநோ சண்டை போட்டிருப்பாள். மூன்று மாதம்தான் என்று வெய்ரான் சொன்னது எனக்கும் நினைவிருக்கிறது. நான் தொங்கைக் கூப்பிடப் படிப்பக்கம் ஓடினேன். ஆநோ என் கையைப் பிடித்து நிறுத்தினாள். பத்து வருஷம் ஒரு உடம்பைப் புரட்டிய கை, பிடித்தால் அசைய முடியாது.

"வேணாங்கா. கூட்டிட்டு வந்தா மறுபடி கண்ணை மூடிப்பாங்க. அந்தப் பையன் முன்னாடி எங்கம்மாவைப் பொய் சொன்னவங்கன்னு நிறுத்தச் சொல்றியா?"

"உன்னைக் கொல்றாங்கடி அவங்க!"

"பயப்படறாங்க" என்றாள். பிறகு, "பதினொண்ணரை ஆச்சு" என்று சொல்லிவிட்டு, இரண்டு கையையும் அம்மாவின் தோளுக்கும் இடுப்புக்கும் கீழே கொடுத்துப் புரட்டினாள். பெரியம்மா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவர்கள் இரண்டு பேரின் முகங்களும் ஒட்டிக்கொண்டிருந்தன. நான் பார்க்க முடியாமல் கீழே வந்துவிட்டேன்.

நவம்பர் ஆறாம் தேதி வெய்ரானுக்குப் பெண் பிறந்தது. கூட இருக்க ஒரு சீனத்து அம்மாளை ஏற்பாடு செய்துகொண்டாளாம். இஞ்சியும் வினிகரும் போட்டு எப்படிக் கொதிக்க வைப்பது என்று ஆநோ என் கடையிலிருந்து போனில் அந்த அம்மாளுக்குப் பத்து நிமிஷம் சொன்னாள். சொல்லி முடித்துப் போனை வைத்ததும், "அவங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. நான்தான் வீணாப் பேசினேன்" என்று சொல்லி அழுதாள். ஆநோ அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அட்டை காலாவதியாகிவிட்டதால் மருந்துக் கடையில் அம்மாவுக்கு மருந்துகூடத் தர மறுத்தார்கள். புது அட்டைக்குப் போட்டோ எடுக்க என்னிடம் வந்தாள். படிவத்தில் பெயர் என்ற இடத்தில் என் விரல் நின்றது.

"இருக்கற மாதிரியே போடுக்கா" என்றாள்.

"கோர்ட்டுல மனு?"

"டாக்டர் வந்து, அம்மாவுக்கு நினைவு இல்லைன்னு எழுதித் தரணும். அவங்களுக்கு நினைவு இருக்கே. அதை எப்படி எழுதச் சொல்லுவேன்? எழுதினா அப்புறம் வீட்ல அவங்க சொல்ற எதுக்கும் மதிப்பு இருக்காது." சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, வெள்ளைத் துணிக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நான் எடுத்தேன்.

இருபது நாளில் அட்டை வந்தது. நிலையத்தில் வாங்கிக்கொண்டு நேராக என் கடைக்குத்தான் வந்தாள். முன்பக்கம் பார்த்தாள்: ஷென் கைதி. திருப்பினாள். பின்பக்கத்தில் செல்லுபடியாகும் காலம் இருக்கும். எங்கள் நாட்டில் நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு அதில் தேதி போட மாட்டார்கள். திரும்பத் திரும்ப வந்து புதுப்பிக்கிற தொந்தரவு வேண்டாமே என்று செய்கிற சலுகை அது. 'நெடுங்காலம்' என்று மட்டும் அச்சடித்திருப்பார்கள்.

ஆநோ அதை வாய்விட்டுப் படித்தாள். முன்பக்கத்தை மறுபடி ஒரு தரம் பார்த்தாள்.

"திருடனுக்குக்கூட இத்தனை வருஷம்னு எழுதுவாங்க இல்லக்கா?" என்றாள்.

மணி நாலாகப் போகிறது, அம்மாவைப் புரட்ட வேண்டும். அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.